எட்டரை இல்லை, பத்தே முக்கால்

செவ்வாய், மாலை ஆறே கால்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மருமகளும் குட்டியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கே நான் நலம், அம்மா நேற்றைக்கு இன்று மோசமில்லை, அதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டினாலும் அது என் ஆசையாக இருக்குமே தவிரச் செய்தியாக இருக்காது.

முதலில், கடைசியாக உறுதியான தகவல். இன்று மாலை ஐந்து பத்துக்கு விமானக் கம்பெனியின் மருத்துவப் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி பேசினார். ஆக்ஸிஜன் மெஷினோடு விமானத்தில் ஏற அனுமதி கேட்ட அம்மாவின் விண்ணப்பத்தை அவர்கள் நிராகரிக்கவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டாக்டரின் புதுச் சான்றிதழும் நாலாவது பேட்டரி வாங்கியதற்கு ரசீதும் நாளை புதன் மாலை ஐந்துக்குள் போய்ச் சேர்ந்தால் மறுபடி எடுத்துப் பார்ப்பார்களாம். வாயால் சொன்னது போதாது, எழுத்தில் அனுப்புங்கள் என்று கேட்டேன். ஐந்து முப்பத்திரண்டுக்கு மின்னஞ்சல் வந்தது, பேசியதும் எழுதியதும் ஒன்றாகவே இருக்கின்றன. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நேற்று "ஃபார்ம் திரும்பி வந்துவிட்டது" என்று உனக்கு மூன்றே வார்த்தையில் நான் செய்தி அனுப்பியதும் தப்பு, அடுத்த பத்தாவது நிமிடம் "சரி, நான் கிளம்பறேன், வெள்ளிக்கிழமை டிக்கெட் இருக்கு" என்று நீ பதில் போட்டதும் தப்பு. இரண்டும் அவசரத்தில் போனவை. டிக்கெட்டை இன்னும் வாங்கவில்லை என்று நினைக்கிறேன். வாங்காதே. ஏன் என்று முழுதும் எழுதுகிறேன், நின்று நிதானமாகப் படி. போனில் சொல்லலாமே என்பாய், போனில் நீ கோபப்படுவாய், நான் அதற்கு மேல் கோபப்படுவேன், அம்மா போனை வாங்கி "ஒண்ணுமில்லடா, நல்லாத்தான் இருக்கேன்" என்று முடித்துவிடுவாள், மூன்று பேருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. கையால் எழுதி, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் எடுத்து அனுப்புகிறேன். கடை எட்டு மணி வரை உண்டு.

நடந்தது விமானக் கம்பெனியின் தப்பில்லை, அவர்கள் மேல் பாயாதே. தப்பு என்னுடையது. உனக்குப் பாதி தெரியும், ஆனாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் நுரையீரல் தழும்பு கட்டிக்கொண்டு வருகிறது என்பதும், ஆக்ஸிஜன் மெஷின் இல்லாமல் அவளால் பத்தடி நடக்க முடியாது என்பதும் நீ அறிந்தது. போன மாதம் நுரையீரல் டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்து, "அவங்கள மகன்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னா இப்பப் போங்க சார், அடுத்த வருஷம் வந்து எங்கிட்டக் கேக்காதீங்க" என்றார். நம் ஊரிலிருந்து உன் ஊருக்கு வாரம் இரண்டு நேர் விமானம், அதுவும் வருகிற செவ்வாயோடு நிறுத்தப்படுகிறது. செவ்வாய் விமானத்தில் இடமில்லை. மிச்சம் இருப்பது இந்தச் சனிக்கிழமை ஒன்றுதான். நடுவில் இறங்கி மாறிப் போகிற வழிக்குப் பத்தொன்பது மணி இருபது நிமிடம் ஆகும், அதை டாக்டரிடம் கேட்டபோது அவர் தலையைக்கூட ஆட்டவில்லை, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி, பயண நேரம் எவ்வளவு என்று. டிக்கெட்டில் கிளம்புகிற மணி இந்த ஊர் மணியில், சேருகிற மணி அந்த ஊர் மணியில் என்று இருக்கும், நடுவில் ஐந்து மணி வித்தியாசம். அதைக் கூட்டிக் கழிக்கச் சோம்பல் பட்டு, இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் தூரமும் நேரமும் சொல்லுகிற ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தேன். ஏழாயிரத்து இருநூற்றுப் பதினாலு கிலோமீட்டர், எட்டு மணி இருபத்தொன்பது நிமிடம் என்று வந்தது. அப்படியே எழுதினேன். ஏறத்தாழ எட்டரை என்று போட்டிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும், இருபத்தொன்பது என்று நிமிடம் சுத்தமாகச் சொன்னதால் நம்பிவிட்டேன். கோர்ட்டில் பொய்ச்சாட்சிதான் நிமிடக் கணக்கு சொல்வான் என்பதை எத்தனையோ வழக்கில் கண்ணால் பார்த்துப் பத்திரிகையில் எழுதியவன் நான். அந்தப் பக்கத்தை நேற்று மறுபடி திறந்து கடைசி வரை படித்தேன். கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். உலக உருண்டையின் மேல் நூல் பிடித்த மாதிரி தூரத்தை எடுத்து மணிக்கு எண்ணூற்று ஐம்பது என்று வகுத்திருக்கிறார்களாம். அதில் எதிர்க்காற்று இல்லை, ஓடுபாதையில் வரிசையில் நிற்பது இல்லை, பறக்கக் கூடாத வானமும் இல்லை. நிஜ விமானம் தலையைச் சுற்றித்தான் மூக்கைத் தொடுகிறது. கதவு மூடியதிலிருந்து கதவு திறக்கும் வரை பத்து மணி நாற்பத்தைந்து நிமிடம். இதைக் கம்பெனியின் கால அட்டவணையிலும் பார்த்தேன், விமான நிலைய விசாரணையிலும் கேட்டேன். இரண்டும் ஒத்துப்போகின்றன. நான் எழுதியது இதோடு பொருந்தாததால்தான் ஃபார்ம் திரும்பி வந்தது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

இரண்டேகால் மணி நேரம்தானே என்று உனக்குத் தோன்றும். அம்மா கையோடு கொண்டுபோகிற சின்ன மெஷினுக்கு, பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குப் பேட்டரி இருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. ஒரு பேட்டரி நாலரை மணி நேரம் வரும் என்று அதன் புத்தகம் சொல்கிறது. எட்டு இருபத்தொன்பதுக்கு மூன்று போதும், மூன்று வாங்கினேன். பத்தே முக்காலுக்கு நாலு வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. டாக்டர் சான்றிதழிலும் நான் சொன்ன கணக்கைத்தான் எழுதியிருந்தார். நேற்று மாலை போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "எட்டரைன்னு நீங்க சொன்னீங்க, அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். பத்தே முக்கால்னா மறுபடி நடக்க வெச்சுப் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்" என்றார். ஆறு நிமிடம் வராந்தாவில் நடக்க வைப்பார், விரலில் மாட்டுகிற ஆக்ஸிஜன் மீட்டர் எண்பத்தைந்துக்குக் கீழே இறங்கினால் கையெழுத்து இல்லை.

இந்த ஃபார்மை நான் அம்மாவிடம் காட்டவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். முப்பத்தொரு வருஷம் நான் எழுதியது அத்தனையும் அவள் மேஜையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போயிற்று. புரூஃப் ரீடராக இருந்தபோது அவள் பிடித்த என் பிழைகளைச் சேர்த்தால் தனிப் பத்திரிகையே போடலாம். இதை மட்டும் ஏன் காட்டவில்லை என்றால், டாக்டர் நிரப்புகிற பக்கத்தில் நோய் குணமாகக்கூடியதா என்று ஒரு கட்டம் இருக்கிறது, அவர் இல்லை என்பதில் டிக் போட்டிருந்தார். அது அவள் கண்ணில் படக் கூடாது என்று நினைத்தேன். ஃபார்ம் திரும்பி வந்ததும் அதைப் பழைய பேப்பர் கட்டுக்கு அடியில் செருகி வைத்துவிட்டு டாக்டரைப் பார்க்கப் போனேன். நான் திரும்பி வந்தபோது அவள் ஃபார்மைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கையில் சிவப்புப் பேனா. "ஏங்க, எட்டு இருபத்தொம்போதுன்னு யாரு சொன்னது" என்றாள். சொன்னேன். "ஒரு எடத்துலதான் கேட்டீங்களா" என்றாள். ஆமாம் என்றேன். புதிதாகச் சேர்ந்த நிருபரைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு எட்டு இருபத்தொன்பதை அடித்து ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். பிறகு பக்கத்தைப் புரட்டி அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். "இதுல பிழை இல்ல, விடுங்க" என்று சொல்லிப் பேனாவை மூடிவிட்டாள்.

உன் தங்கைக்குப் போன் செய்தேன். பாங்கில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு நேற்றே பஸ் ஏறி வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக, "ஊருக்கெல்லாம் திருத்தம் போட்ட ஆளு, உங்களுக்கு யாருப்பா திருத்தம் போடறது" என்று ஒரு குத்து. வாங்கிக்கொண்டேன். பத்தே முக்கால் மணி நேரம் உட்கார முடிகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்றது அம்மாதான். இன்று காலை ஆறு மணிக்கு ஹாலில் இரண்டு நாற்காலி போட்டு, அதற்கு முன்னால் இரண்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முழங்காலுக்குக் கம்பெனி சொன்ன இடத்தை டேப்பால் அளந்து, அம்மாவைச் சுவரோரம் உட்காரவைத்தோம். "ஜன்னல் சீட்டுக் கேட்டா செவுத்தக் குடுக்கறீங்களே, என்ன கம்பெனி இது" என்றாள். தங்கை இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு "காபியா டீயா மேடம்" என்று வந்தாள், "மொதல்ல பக்கத்து சீட்டு ஆள மாத்தும்மா, தொணதொணன்னு பேசறாரு" என்று அவளிடம் என்னைப் பற்றிப் புகார். நான் அரை மணிக்கு ஒருதரம் மீட்டரைப் பார்த்துக் குறித்தேன். முதல் ஒரு மணி நேரம் தொண்ணூற்றிரண்டு. நாலாவது மணியில் தொண்ணூற்றொன்று. முதல் பேட்டரி பத்து பத்துக்கு நின்றுவிட்டது, அதாவது நாலு மணி பத்து நிமிடம்தான், புத்தகம் சொன்ன நாலரை இல்லை. இரண்டாவது இரண்டேகாலுக்கு நின்றது, நாலு மணி ஐந்து நிமிடம். அந்தக் கணக்கில் நாலு பேட்டரி வைத்தாலும் விதிக்கு மேல் பன்னிரண்டு நிமிடம்தான் மிச்சம். பாத்ரூம் போய்வந்தபோது எண்பத்தாறுக்கு இறங்கி, தொண்ணூறைத் தொட ஏழு நிமிடம் எடுத்தது. அந்த ஏழு நிமிடமும் தங்கை துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டாவது மணியில் அம்மா கண்ணை மூடியபடி, இப்ப எங்க போய்க்கிட்டிருக்கோம் என்று கேட்டாள். கடல் மேல என்றேன். "கரை தெரிஞ்சா எழுப்புங்க" என்று சொல்லித் தூங்கிவிட்டாள். நாலே முக்காலுக்கு எழுப்பினேன். மீட்டர் எண்பத்தொன்பது. கணுக்கால் இரண்டும் வீங்கி, சாக்ஸின் விளிம்பு பதிந்து போயிருந்தது. இது தரையில் எடுத்த கணக்கு, மேலே காற்று இன்னும் மெல்லிசு, எனவே இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதையும் சேர்த்தே படித்துக்கொள். ஆனால் முழுப் பத்தே முக்கால் மணி நேரமும் உட்கார்ந்தாள். அதற்கு நான் சாட்சி.

இன்னொரு தொல்லை, லிஃப்ட் ஒன்பது நாளாக ஓடவில்லை. அடுக்குமாடிச் சங்கச் செயலாளரைக் கேட்டால் நாளைக்கு என்கிறார், ஒன்பது நாளும் அதே நாளைக்குத்தான். அம்மாவுக்கு இரண்டு மாடி இறங்குவது நடக்காத காரியம். நேற்றுக் கீழே மரச்சாமான் கடைக்காரரிடம் சொன்னேன், பீரோ தூக்குகிற அவர் ஆட்கள் இருவர் நாளை காலை எட்டரைக்கு வந்து நாற்காலியோடு இறக்கிவிடுகிறார்கள். போன வாரம் ரத்தப் பரிசோதனைக்கும் அவர்கள்தான் இறக்கினார்கள். "பீரோன்னு நெனச்சு செவுத்துல சாய்ச்சிடாதீங்கப்பா" என்றாள் அம்மா, "பீரோ பேசாது அம்மா" என்றான் ஒருவன். வெயிட்டே இல்லை என்று மற்றவன் என்னிடம் ஆறுதலாகச் சொன்னான். நாற்பத்தொரு கிலோ. போன வருஷம் ஐம்பத்துமூன்று.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ ஆறு வருஷமாகக் காத்திருக்கிற குடியிருப்பு அட்டைக்கு நேர்காணல் இன்னும் நாற்பத்தேழு நாளில். அதற்குள் அந்த நாட்டை விட்டு வெளியே காலை வைத்தால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள் என்று நீதான் போன வருஷம் எனக்கு அந்தத் தாளைப் படித்துக் காட்டினாய். உன்னோடு மருமகளின் வேலை அனுமதியும் போகும், குட்டியின் பள்ளிக்கூடமும் போகும். வெளியூர்ப் பயணத்துக்கு முன் அனுமதி கேட்டால் எழுபது நாள் ஆகும் என்றாய். எனக்கு இவையெல்லாம் தெரிந்தும், நேற்று உன் பதிலைப் படித்தவுடன் எனக்கு வந்தது பயம் இல்லை, நிம்மதி. அப்பாடா, பிள்ளை வருகிறான் என்று இருந்தது. வா என்று எழுதத்தான் இப்போதும் கை போகிறது. அந்த நிமிடத்தில் நான் உன்னைப் பற்றியே யோசிக்கவில்லை, என் பாரத்தைத் தூக்க இன்னொரு தோள் கிடைத்தது என்றுதான் யோசித்தேன். அந்த நிம்மதியை நம்பாதே. அம்மாவிடம் உன் பதிலைக் காட்டினேன், இனி எதையும் ஒளிப்பதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்: "பொண்டாட்டி புள்ளைய நடுத்தெருவுல நிறுத்திட்டு இங்க வந்து என் மூச்ச எண்ணப் போறானா. வரட்டும், கதவத் தெறக்க மாட்டேன்." கதவு வரைக்கும் மெஷின் குழாய் எட்டாது, நீ எப்படியும் திறக்க மாட்டாய் என்றேன். சிரித்தாள், இருமல் வந்துவிட்டது. இருமல் அடங்கியதும், "நான் போய்ப் பாக்கறது வேற, அவன் எல்லாத்தையும் தொலைச்சிட்டு வந்து என்னப் பாக்கறது வேற. அப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அவன் பொண்ணப் பாக்கறது" என்றாள். குட்டி போனில் அம்மாவின் மூக்குக் குழாயைப் பார்த்து மீசை, மீசை என்று கூப்பிடுகிறதே, அதை வருகிறவர் போகிறவர் அனைவரிடமும் சொல்லியாகிவிட்டது. மீசையை நேரில் தொட்டுப் பார்க்கட்டும் என்பதுதான் அவள் ஆசை. ஆனாலும் பாட்டி வருகிறாள் என்று குழந்தையிடம் இப்போதே சொல்லிவைக்காதே, பெரியவர்கள் ஏமாந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை விமானத்தில் இன்று மாலை வரைக்கும் நிறைய இடம் இருக்கிறது, கம்பெனியிலேயே கேட்டுவிட்டேன். அங்கிருந்து கிளம்புகிறவர்கள் குறைவாம். ஆகவே கம்பெனியின் முடிவு வருகிற வியாழன் வரை பொறுத்தால் உனக்கு ஒன்றும் கைவிட்டுப் போகாது, இப்போது வாங்கிவிட்டால்தான் எல்லாரும் அதைச் சுற்றிச் சண்டை போடுவோம். வியாழன் கம்பெனி இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. டாக்டரிடம் இன்னும் எவ்வளவு காலம் என்று நேருக்கு நேர் கேட்டேன், "ஒரு வருஷமும் இருக்கலாம், ரெண்டும் இருக்கலாம், சளி புடிச்சா மூணு மாசமும் ஆகலாம்" என்றார். மூன்றையும் உனக்குச் சொல்லிவிட்டேன், உனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ளாதே, நானும் எடுத்துக்கொள்ளவில்லை. இல்லை என்றால் வியாழன் அன்றே நீயும் நானும் அம்மாவும் தங்கையும் சேர்ந்து பேசுவோம், மருமகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள், அவள் தலையிலும் விடிகிற விஷயம் இது. அவளிடம் கேட்காமல் ஒரு பதிலும் போடாதே. நேற்றுப் போட்டதை அவளிடம் கேட்டுத்தான் போட்டாயா என்று எனக்குத் தெரியாது, இல்லை என்றுதான் தோன்றுகிறது.

மற்றபடி, சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, இந்த மனநிலையில் கார் ஓட்டாதே, இரண்டு நாளைக்குப் பஸ்ஸில் போ. அம்மா வருவதாக இருந்தால் உன் வீட்டு வாசலில் எத்தனை படி, கட்டில் எவ்வளவு உயரம், பிளக் கட்டிலிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதி அனுப்பு. குத்துமதிப்பாக அனுப்பாதே. உன் ஊர் விமான நிலையத்தில் விமானத்திலிருந்து வாசலுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் என்கிறார்கள், சக்கர நாற்காலிக்கு இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.

இன்னும் தெரிய வேண்டியவை இவை. நாளை புதன் காலை ஒன்பதரைக்கு டாக்டரிடம் நடைப் பரிசோதனை, சான்றிதழ் உண்டா இல்லையா என்பது பத்தரைக்குள் தெரிந்துவிடும். நாலாவது பேட்டரி வெளியூர்க் கிளையிலிருந்து பார்சல் லாரியில் வருகிறது, நாளை நண்பகல் என்கிறார் கடைக்காரர், ரசீதை இன்றைக்கே வாங்கிவிட்டேன். சான்றிதழையும் ரசீதையும் மாலை நாலுக்கே அனுப்பிவிடுவேன், ஐந்து வரை வைத்திருக்க மாட்டேன். கம்பெனியின் முடிவு வியாழன் மாலை நாலு மணிக்கு, உனக்கு அது காலை பதினொன்று. விமானம் சனி மாலை ஐந்து ஐந்துக்கு.

மூன்று பேரும் நீண்ட ஆயுளோடும் மனநிறைவோடும் இருங்கள், நீ நினைத்தது நல்லபடி நடக்கும், அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்தி. வியாழன் பதினொரு மணிக்கு எந்த வேலை இருந்தாலும் போனைக் கையில் வைத்திரு. ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் தானேதான் உனக்குச் சொல்வதாக அம்மா சொல்லிவிட்டாள், நான் பேசக் கூடாதாம். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் அவளுக்கு இப்போது நேரம் எடுக்கிறது. சத்தமே வரவில்லை என்றால் லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. காத்திரு, சொல்லுவாள்.

என்றும் உன் நலம் விரும்பும்
அப்பா